கப்பியும் கைப்பிடியும்

நான் செய்த பொருள்கள் எல்லாவற்றுக்கும் என் மனைவி ஒரே பெயர்தான் வைத்திருக்கிறாள்: "அது". "அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ." "அதுல கால் இடிச்சுண்டுட்டேன்." "அது இன்னும் எத்தனை நாளைக்கு ஹால்லயே இருக்கப்போறது?" நானோ ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பெயர் வைப்பவன். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இதுவரை அவள் வாயில் நுழைந்ததில்லை.

நான் எஞ்சினியர் இல்லை. வேலை பார்த்ததெல்லாம் வங்கியில். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் குறையாகவே தெரிந்தது. அலமாரிக் கதவு திறந்தால் குளியலறைக் கதவு திறக்காது. மிக்ஸியின் ஒயர் மேடைக்கு எட்டாது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் எப்படிக் குடித்தனம் நடந்தது என்று ஆச்சரியப்பட்டேன். "நான் நடத்தினேன்" என்றாள் மனைவி. அன்று சாயங்காலமே போய் ஒரு துளை போடும் மெஷின் வாங்கி வந்துவிட்டேன்.

எங்கள் ஃபிளாட் பாலிகஞ்சில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நான் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவன். அவள் அப்படியில்லை, பிறந்ததே இந்த ஊரில்தான். அவளுடைய அப்பா இங்கே ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். அவள் என்னிடம் தமிழில் பேசுவாள், கோபம் வந்தால் வங்காளிக்கு மாறிவிடுவாள். அதனால் கல்யாணமான முதல் இரண்டு வருஷம் அவள் கோபப்பட்டதே எனக்குப் புரியவில்லை.

முதலில் கொசுவலையில் கைவைத்தேன். இந்த ஊரில் கொசுவலை இல்லாமல் தூங்குகிறவன் ஒன்று வீரனாக இருக்கவேண்டும், இல்லை நேற்று வந்திறங்கியவனாக இருக்கவேண்டும். தினமும் நாலு மூலையிலும் கட்டி அவிழ்ப்பது யார் என்பதில்தான் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை. நான் ஒரு சட்டம் செய்து, வலையை அதில் மாட்டி, நாலு கப்பிகளும் ஒரு கயிறும் வைத்து மேலே தொங்கவிட்டேன். ஒரு இழுப்பு இழுத்தால் வலை முழுக்க உத்தரத்துக்குப் போய்விடும். முதல் வாரம் பிரமாதமாக வேலை செய்தது. எட்டாம் நாள் காலை அவள் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் இழுத்துவிட்டேன். வலையோடு அவளுடைய மூக்குக்கண்ணாடியும் மேலே போய்விட்டது. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுக்கும்வரை அவள் வங்காளியில்தான் பேசினாள்.

அடுத்தது இட்லி மாவுப் பெட்டி. மார்கழி, தை மாதங்களில் இங்கே மாவு பொங்கவே பொங்காது. கம்பளி சுற்றி வைத்தாலும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒரு மரப்பெட்டிக்குள் பழைய குண்டு பல்பைப் பொருத்தி, அதில் பாத்திரத்தை வைத்து மூடினேன். மறுநாள் விடிந்து பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பெட்டியை நிரப்பி, மேடையில் ஒழுகிக்கொண்டிருந்தது. "மாவுக்கு ஜுரம் வந்துடுத்து" என்றாள். பிறகு சின்ன பல்பாக மாற்றினேன். அந்த வருஷம் எங்கள் வீட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் சால்ட் லேக்கிலிருந்து வந்திருந்த அவளுடைய சித்தி, மாவு சென்னையிலிருந்து வந்ததா என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பெட்டி செய்து கொடுக்கப் புறப்பட்டவனை மனைவிதான் பிடித்து நிறுத்தினாள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு சாமான்கள் சரியாக வந்துவிட்டால் மனுஷனுக்கு மூன்றாவது தப்பாகும் என்ற எண்ணமே வராது. எனக்கும் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் மார்க்கெட் வாசலில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பிடிமானம் மட்டும் பழையபடி வரவில்லை. இடது கையால் ஒரு டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கும். அதோடு முழங்காலிலும் வலி ஆரம்பித்தது. போன துர்கா பூஜைக்குப் பிறகு அவள் கீழே போவது மெல்ல மெல்லக் குறைந்தது. மூன்று மாடி ஏறி இறங்குவதென்றால் சும்மாவா என்று நான் நினைத்தேன். எனக்கே பையோடு இரண்டாவது மாடிக்கு வருவதற்குள் மூச்சு இரைக்கும். யாராவது எதிரே வந்தால் அங்கே இருக்கும் மின்சார மீட்டரைக் கவனமாகப் படிப்பதுபோல நிற்பேன். அந்தக் கட்டடத்தில் என்னைவிட அக்கறையாக மீட்டர் படித்தவன் யாரும் இருக்கமுடியாது.

இதே சமயம் பூனாவிலிருந்து மகள் தினமும் போனில் ஒரே பாட்டு. அவர்கள் இருக்கும் வளாகத்திலேயே ஒரு ஃபிளாட் காலியாகிறதாம். இரண்டு லிஃப்ட். கீழே பூங்கா. "அந்தப் படியை இன்னும் எத்தனை நாள்ப்பா ஏறப்போறேள் ரெண்டு பேரும்? அந்த வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்கோ. மார்ச்ல நான் வரேன், எல்லாம் பேசி முடிச்சுடலாம்." என் உடம்பெல்லாம் எரியும். இந்த ஊரில் பிறந்தவளைக் கிளப்பிக்கொண்டு போவதாவது! மனைவி எந்தக் கட்சி என்று நான் கேட்கவேயில்லை, கேட்க என்ன இருக்கிறது என்றிருந்தேன். படிதான் பிரச்சினை, படியைத் தீர்த்துவிட்டால் பூனா தானாகத் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மாடியிலிருந்து கயிற்றில் பையை இறக்கிச் சாமான் வாங்குவது இந்த ஊரில் புதிதல்ல. எந்தத் தெருவிலும் அண்ணாந்து பார்த்தால் ஒரு பை தொங்கும். ஆனால் நான் செய்தது வேறு ரகம். பால்கனிக் கம்பியிலிருந்து ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கை, அதனால் இரண்டாம் மாடிக்காரர்களின் துணிமேல் பை இடிக்காது. அதில் இரண்டு கப்பி. சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. பாதியில் நிறுத்த சைக்கிள் பிரேக். கூடைக்குள் இரண்டு அறை, ஒன்று உருளைக்கிழங்குக்கு, இன்னொன்று தக்காளிக்கு. கீழேயிருந்து காய்காரர் ஒரு நூலை இழுத்தால் சமையலறையில் மணி அடிக்கும். அவள் மேலே நின்றபடியே வங்காளியில் பேரம் பேசுவாள், நான் கைப்பிடியைச் சுற்றுவேன்.

நாலே வாரத்தில் தெரு முழுக்கப் பழகிவிட்டது. பால், பேப்பர், மருந்து, பூ, இஸ்திரித் துணி எல்லாம் மேலே வந்தன. பிரேக்குக்கு எண்ணெய் போடுவதும் கயிற்றை மாற்றுவதுமாக என் பொழுது ஜோராகப் போயிற்று. போனில் மகளிடம் சொன்னேன்: "உங்க அம்மா கீழே இறங்கி மூணு மாசமாச்சு, தெரியுமோ? ஒரு படி மிதிக்கலை!" செஞ்சுரி அடித்தவன் மாதிரி சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் இருந்தாள். தோற்றுப்போன பேச்சில் அப்படித்தான் இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே தை மாதத்தில் வரும் சரஸ்வதி பூஜைக்கு முதல்நாள் தரைத்தளத்துப் பெண்மணி மேலே வந்தாள். என் மனைவி அவளை பௌதி என்று, அதாவது அண்ணி என்று, கூப்பிடுவாள். பௌதி என்னை தாதா, அண்ணா, என்பாள், இவளை தீதி, அக்கா, என்பாள். யார் மூத்தவள் என்று இருவருக்கும் தெரியும், இருவருமே சொல்லமாட்டார்கள். எங்கள் கட்டடத்து வாசலில் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் சரஸ்வதி சிலை வைப்பார்கள். பூஜையன்று காலையில் பெண்கள் எல்லோரும் கீழே ஒரு பாயில் உட்கார்ந்து பிரசாதத்துக்குப் பழம் நறுக்குவார்கள். அதில் என் மனைவிக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. வெள்ளரியும் சங்கு ஆலுவும் அவள் பொறுப்பு. சங்கு ஆலு என்பது இங்கே குளிர்காலத்தில் கிடைக்கும் ஒரு வெள்ளைக் கிழங்கு. பச்சையாகவே தின்பார்கள்.

பௌதி என்னைப் பார்த்து வங்காளியில் கேட்டாள். "தாதா, தீதிக்கு உடம்பு சரியில்லையா? காளி பூஜைக்கப்புறம் அவங்களை நேரில் பார்க்கவேயில்லை. நாளைக்கு வருவாங்களா?"

நான் சிரித்துக்கொண்டே, உடம்புக்கு ஒன்றுமில்லை, இப்போது கீழே வரவேண்டிய அவசியமே இல்லை என்றேன். சும்மா இருக்கக்கூடாதா? வாய் நிற்கவில்லை. "நீங்க நாளைக்குப் பழத்தைக் கூடையில் வச்சு அனுப்புங்க. அவ மேலேயே நறுக்கி இறக்கிடுவா" என்றேன். பௌதி என்னைப் பார்த்தாள், பிறகு என் மனைவியைப் பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் மனைவி சோபாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மணிக்கட்டு முறிந்தபோதுகூட அவள் அழவில்லை.

"என்ன ஆச்சு? முழங்கால் வலியா?"

"சாமான் மேலே வரணும்னு நான் எப்பவாவது கேட்டேனா?" என்றாள். தமிழில்தான் சொன்னாள், அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "எனக்குச் சாமான் வேண்டாம். நான் கீழே போகணும். மூணு மாசமா எல்லாரோட உச்சந்தலையைத்தான் பார்த்திண்டிருக்கேன். காய்காரருக்கு நடுமண்டையில வழுக்கை விழுந்திருக்குங்கறது தெரியறது, அவர் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு! பூனாவுக்குப் போய்டலாம்னு நம்ம பொண்ணுகிட்ட நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"நான்தான். அங்க லிஃப்ட் இருக்கு. தெரியாத ஊரானாலும் வாசலுக்காவது போகலாமில்லையா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறந்த ஊரை விட்டுப் போகத் தயாராகும் அளவுக்கு ஒருத்தி என் பக்கத்திலேயே தவித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பிரேக்குக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் அவள் பழம் நறுக்கப் போகவில்லை. கீழேயிருந்து சங்கும் பெண்கள் குலவையிடும் உலூலு சத்தமும் கேட்டன. அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அன்றைக்கே நான் ஒரு காகிதத்தில் படம் போட ஆரம்பித்தேன். ஏறும்போது உட்கார்ந்து இளைப்பாற ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரோடு மடங்கும் பலகை. மொத்தம் ஆறு. படம் நன்றாகவே வந்தது. அவளிடம் நீட்டினேன்.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது யாருக்கு?"

"உனக்குத்தான். ஏறும்போது மூச்சு வாங்குமே."

"மூச்சு வாங்கறது உங்களுக்கு. மீட்டர் பார்க்கறது யாரு?" என்றாள். பக்கத்து வீட்டுக்குக்கூட இது தெரிந்திருக்கும் போலிருக்கிறது. நான் அசடு வழிந்தேன். "எனக்கு ஏர்றதுல ஒண்ணுமில்லை. எறங்கறதுதான் பயம்."

இத்தனை நாளில் இதை நான் அவளிடம் கேட்டதேயில்லை. கொசுவலைக்குக் கட்டிலை அளந்தேன். கூடைக்குப் பால்கனியை அளந்தேன். அவளை மட்டும் அளக்கவில்லை, என்னையே அளந்து அவள் என்று வைத்துக்கொண்டேன். அன்று மத்தியானம், படியில் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, இருவரும் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்குப் போனோம். "எறங்கு, நான் பார்க்கறேன்" என்றேன். நாலு படி இறங்கி நின்றுவிட்டாள்.

அப்போதுதான் பார்த்தேன். எங்கள் படிக்கட்டில் கைப்பிடி ஒரே பக்கம்தான், உள்பக்கம். ஏறும்போது அது வலது கைக்கு வரும், அவளுக்குக் கவலையில்லை. இறங்கும்போது அதுவே இடது கைப் பக்கம் வந்துவிடும். முறிந்து கூடிய அந்தக் கை பிடித்தாலும் தாங்காது. வலது பக்கம் வெறும் சுவர். அவள் வலது உள்ளங்கையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுவரில் அவள் கை படுகிற உயரத்தில் சுண்ணாம்பு தேய்ந்து ஒரு தடம் இருந்தது. தினமும் மூன்று வேளை அந்தப் படியில் போய்வந்த என் கண்ணில் அது ஒருநாளும் படவில்லை.

"சுவத்துல ஒரு கைப்பிடி போட்டா போறுமா?" என்றேன்.

"போறும். மூலையில விட்டுடாம போடணும்."

அவ்வளவுதான். கப்பி இல்லை, பிரேக் இல்லை, மணி இல்லை. இதில் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லையே என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. ஆனாலும் பழக்கம் விடுமா? எவ்வளவு தடிமன் அவள் கைக்கு வாகாக இருக்கும் என்று கண்டுபிடிக்க வீட்டிலிருந்த எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்துப் பார்த்தேன். விளக்குமாற்றுக் கட்டை மெலிசு. குடைக்காம்பு வழுக்கியது. திரைச்சீலைக் கம்பி ஜில்லென்று இருக்கிறதாம். கடைசியில் அப்பளக் குழவியைப் பிடித்ததும், "இது" என்றாள். குழவியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு தச்சு மிஸ்திரியிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வேலையில் இதுவரை யாரும் இப்படி அளவு கொண்டுவந்ததில்லை என்றார்.

படிக்கட்டு பொதுச்சொத்து, எல்லோரும் சம்மதிக்கவேண்டும். பௌதி வீட்டு ஹாலில் கூட்டம் கூடியது. டீயும் முரி என்கிற பொரியும் வந்தன. கைப்பிடி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது, எல்லோரும் வேண்டும் என்றார்கள். அதற்கு என்ன வர்ணம் அடிப்பது என்பதில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. பச்சை என்றார் ஒருவர். பச்சை கட்சிக்காரர்கள் சமாசாரம் ஆகிவிடும் என்றார் இன்னொருவர். சிவப்புக்கும் அதே ஆட்சேபம் வந்தது. காவி என்று யாரும் வாயே திறக்கவில்லை. நாலாம் மாடிக்காரர் தன் வாசல்வரைக்கும் வரவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு முரியைத் தீர்த்தார். கடைசியில் வார்னிஷ் போதும் என்று முடிவாயிற்று.

மிஸ்திரி மூலைக்கு மூலை நிறுத்திவிட்டு அடுத்த சுவரில் மறுபடி ஆரம்பிக்கப் பார்த்தார். அதுதான் சுலபம், பார்வைக்கும் அழகு என்று வாதாடினார். நான் விடவில்லை. அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டையை வளைத்து இணைக்க வைத்தேன். என் வங்காளியைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்ததே தவிர, வேலையைச் சரியாகச் செய்து கொடுத்தார். வார்னிஷ் காய மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் பூனா பேச்சை இருவருமே எடுக்கவில்லை. மகளிடம் மார்ச்சில் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவள் வெளுத்த மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு, தலையை வாரி, பையை எடுத்தாள். பையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை. நான் ஓடிப்போய் இரண்டு படி கீழே நின்று, விழுந்தால் தாங்க வசதியாகக் கையை விரித்துக்கொண்டேன்.

"முன்னாடி நிக்காதேங்கோ, படி மறைக்கறது" என்றாள்.

பின்னால் போய் நின்றேன். "பின்னாடியும் வேண்டாம். உங்க மூச்சுச் சத்தம் கேட்டா எனக்குப் பதட்டமா இருக்கு. உள்ள போங்கோ."

வாசற்படியில் நின்று பார்த்தேன். வலது கையால் கட்டையைப் பிடித்தாள். முதல் படி. இரண்டாவது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். மூலைக்கு வந்ததும் நின்றாள், கையை எடுக்காமலே கட்டையோடு திரும்பினாள், மறைந்துவிட்டாள். அதற்குப் பிறகு செருப்புச் சத்தம் மட்டும்தான். இரண்டாம் மாடி. முதல் மாடி. பிறகு அதுவும் இல்லை. சற்று நேரம் கழித்துக் கீழேயிருந்து பௌதியின் குரல் "தீதி!" என்று கட்டடம் அதிரக் கேட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஐந்து மணி ஆயிற்று. ஆறு ஆயிற்று. காபிக்கு நாக்கு ஏங்கியது, நானே போட்டுக் குடித்தேன், நன்றாயில்லை. ஆறரைக்கு மகள் கூப்பிட்டாள்.

"அம்மா எங்கப்பா?"

"கீழே போயிருக்கா."

"கீழேயா? தனியாவா? எப்ப வருவா?"

"தெரியலையே" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன், மூக்கை உறிஞ்சுவதுபோலவும் கேட்டது. "அப்போ பூனா?" என்றாள்.

"அதை என்னைக் கேட்காதே. எனக்கு இனிமே யாருக்காகவும் பதில் சொல்ற வேலை வேண்டாம். அவ வந்ததும் அவளையே கேளு."

ஏழு மணிக்கு அவள் குரல் படியில் ஏறி வந்தது. முதல் மாடியில் நின்று யாரிடமோ வங்காளியில் கத்தரிக்காய் விலை சொன்னாள். இரண்டாம் மாடியில் நின்று ஒரு கல்யாணத்தைப் பற்றி விசாரித்தாள். ஓடிப்போய்ப் பையை வாங்கவேண்டும் என்று எனக்குக் காலெல்லாம் பரபரத்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உள்ளே வந்தவளின் முகம் வியர்த்திருந்தது. உதட்டோரத்தில் புளித்தண்ணீர் காய்ந்திருந்தது. தெருமுனையில் நின்று புச்கா, அதாவது பானிபூரி, தின்றிருக்கிறாள்.

மகள் கூப்பிட்டதைச் சொல்லி, பூனாவைப் பற்றிக் கேட்டாள் என்றேன். பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையிலிருந்து காயை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"மார்ச்ல முடியாது. பௌதியோட அக்கா பொண்ணுக்கு வளைகாப்பு மாதிரி என்னமோ இருக்காம், வரேன்னு சொல்லிட்டேன்" என்றாள். "மே மாசம் வேணும்னா பூனாவுக்குப் போய் ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்."